கண்ணாடிக்குள் ஓடிய எழுத்துகள்

என் தங்கையின் படிப்பைக் கெடுத்தவன் நான். அப்போது மலேசியாவில், சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அம்மாவோடு காட்டுக்குப் போய், மரத்துப் பால் வடியும் மங்குக் கிண்ணங்களைத் துடைத்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் ஆறாம் வகுப்பு, அவள் இரண்டாம் வகுப்பு. அவளை நிறுத்த வேண்டாம் என்று சொல்ல வாத்தியார் வீட்டுக்கே வந்தார். அப்பா என்னிடம், "நெசமாவே நல்லா படிக்குதாடா?" என்று கேட்டார்.

"அதுக்குப் படிப்பு ஏறலப்பா" என்றேன். பொய். என்னைவிட அவள் கெட்டிக்காரி. அவள் நின்றால்தான் நான் தொடர முடியும் என்பது எனக்குத் தெரியும்.

நான் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். அவள் ரப்பர் ஆலை இயந்திரங்களுக்கு அருகில் நின்றே காது கேட்கும் திறனை இழந்தாள். விதவையான பின் ஈப்போவில் என்னோடுதான் இருக்கிறாள்.

போன வருஷம் அவளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கினேன். எதிரில் இருப்பவர் மலாயில் பேசினாலும் அது தமிழ் எழுத்தாகக் கண்முன் ஓடும். கிளினிக்கில் இனி யாருடைய வாயையும் அவள் பார்த்துத் தவிக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

போட்டுப் பார்த்தவள், "என்னண்ணே, பச்சை எறும்பு ஊருது?" என்றாள்.

இதைப் படிக்கிறாயே என்பதுபோல், அவள் தினமும் புரட்டும் நாளிதழை எடுத்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

"அதுவா? செத்தவங்க படத்தத்தான் பாப்பேன் லா. ஒரு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியலயா?"

இரண்டாம் வகுப்பில் கற்ற எழுத்தெல்லாம் அவளுக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. மறுநாளே அட்டையில் எழுத்துகளை எழுதிக் காட்டத் தொடங்கினேன். மாதங்கள் ஆயின. நர்ஸ் வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும். ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி நிறுத்தினால் உதடு அசையப் படித்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் அப்படியே சொன்னேன். "அப்பாவிடம். அன்று. நான். பொய். சொன்னேன்."

வெகுநேரம் படித்தாள்.

"கதவுக்குப் பின்னாலதாண்ணே நின்னேன். அப்ப எனக்குக் காது நல்லா கேட்டுச்சு."

கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, பெட்டியில் வைத்தாள்.

கிளினிக்குக்கும் சந்தைக்கும் இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறாள். வீட்டில் நான் பேச வாயெடுத்தால் கழற்றிவிடுகிறாள்.