கத்தி அக்கா உரித்த வயர்

எங்கள் பழைய இரும்புக் கடையில் அவளுக்குப் பெயர் கத்தி அக்கா. கையில் ஒரு கத்தி, வாயில் ஒரு கத்தி. எடை போடும் நான் அந்த இரண்டுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைப்பவன். தடித்த வயரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி, ஒரே ஓட்டமாகக் கத்தியை ஓட்டுவாள். தோல் ஒரு பக்கம், செம்புக் கம்பி மறுபக்கம். வாய் பேசிக்கொண்டே இருக்கும், கண் வயரைப் பார்க்காது.

மெல்லிய வயர்கள் கத்திக்கு அடங்காதவை. அவற்றைக் கடைக்குப் பின்னால் குவித்து எரித்துச் சாம்பலிலிருந்து செம்பு எடுப்பது அவள் கணவரின் வேலை. அந்தக் கரும்புகையைக் குடித்துக் குடித்து, மனிதர் நாலு எட்டு வைத்தால் சுவரைப் பிடிக்கிறார். புகையை விட்டால்தான் பிழைப்பார் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு வேலை தேடி அலையவும் மூச்சு வேண்டுமே!

அன்றிலிருந்து முதலாளியை அக்கா நிம்மதியாக விடவில்லை.

"கருகின செம்பை இனிமே யாருண்ணே வாங்குவா? உருக்குற கம்பெனிக்காரன் பளபளன்னு கேக்குறான். மெல்லிசு வயரையும் உரிக்கிற மெஷின் வந்திருக்காமே, ஒண்ணு வாங்கிப் போடுங்க."

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எங்கள் முதலாளியும் தேய்ந்தார். மெஷின் வந்து இறங்கியது. அதன் கரண்ட் வயரைத் தனியாகச் சுருட்டி அனுப்பியிருந்தார்கள். இறக்கியவன் அதை அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவள் கணவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இனிமே நீ நெருப்புப் பக்கமே போக வேணாம். உக்காந்து வயரை உள்ள விட்டா போதும்."

சொல்லி முடிப்பதற்குள் மெஷினின் புது வயர் தோலில்லாமல் அவள் மடியில் கிடந்தது. கை தன் வேலையைப் பார்த்துவிட்டது.

முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "உன் பொழப்பு போயிடும்னு வேணும்னே பண்ணினியா?"

மெஷின் கேட்டு நாயாய்க் கத்தியவள் அவள்தானே! வேறு வயர் தேடினோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரிக் கடைகளும் திறக்கவில்லை. மலையாய் வயர் குவிந்த கடையில், மெஷினுக்குத் தாங்குகிற தடிமனில் உரிக்காத வயர் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அவளே உரித்திருந்தாள். சிரிப்பதா, அழுவதா?

"சாயங்காலம் லோடு போகணும். பழையபடி கொளுத்துப்பா" என்றார் முதலாளி. கணவர் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கினார்.

அக்கா எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். பின்கட்டில் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக்குக் கடையிலிருந்துதான் கரண்ட் போகிறது. அந்தத் தடித்த வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்து முதலாளி முன்னால் போட்டாள்.

"இதை மாட்டுங்கண்ணே."

"அப்ப நம்ம ரூமுக்கு வெளிச்சம்?" என்றார் கணவர், இருமலுக்கு நடுவே.

"வெளிச்சத்தைக் கடையில வாங்கிக்கலாம். உன் மூச்சை எந்தக் கடையில போய் வாங்குவேன்? டின்னைக் கீழ வைய்யா."

முதலாளி தானே குனிந்து அந்த வயரை எடுத்தார்.