ஒடித்தாலும் திரும்பாத ஜீப்

எங்கள் ஜீப்புக்கு ஒரு குணம் இருந்தது. வளைவில் ஸ்டேரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் அது கொஞ்ச தூரம் நேராகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றிலும் அதன் மூக்கு பள்ளத்தை எட்டிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போகும்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. சித்தப்பாவுக்கு வேர்த்துக் கொட்டும்.

வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள்; மூத்தவளான எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜீப் அப்பாவுடையது, ஏலத்தோட்டமும் அப்பாவுடையது, ஓட்டுவது மட்டும் அப்பாவின் தம்பி. காலையில் காய் எடுக்கிற பெண்களை மேலே ஏற்றிப் போய், சாயங்காலம் கீழே கொண்டுவந்து விட வேண்டும். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினைந்து பேர் போவது எங்கள் ஊர் வழக்கம். பதினாறாவது ஆள் பின்படியில் தொற்றிக்கொள்வார்.

அப்பாவுக்கு டயரைப் பற்றி ஒரு கொள்கை உண்டு. வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம், பாரமும் பின்னால்தான், ஆகவே நல்ல டயர் இரண்டும் பின்னால் இருக்க வேண்டும். தேய்ந்து மொட்டையானவை முன்னால் போகும்.

"அண்ணே, முன் டயர்ல பட்டனே இல்லண்ணே. ரோட்டைப் பிடிக்கவே மாட்டேங்குது. நல்லதை முன்னாடி போட்டு, நூல் பிடிச்சு வீலையும் நேர் பண்ணுனா சரியாயிரும். ரெண்டு வீலும் ஆளுக்கொரு பக்கம் பாக்குது" என்று சித்தப்பா எத்தனையோ தடவை சொன்னார்.

"முன் டயருக்கு என்னடா சோலி? சும்மா திரும்புறதுதானே. நீ வெரசாப் போகாம ஓட்டு."

அப்பா யார் பேச்சையும் கேட்கிறவர் இல்லை. சித்தப்பா பேச்சைக் கேட்காமல் இருப்பதை ஒரு கடமையாகவே வைத்திருந்தார்.

ஐப்பசி மழையில், ஒரு சாயங்காலம், ஆட்களோடு இறங்கி வரும்போது ஜீப் ஒரு வளைவில் திரும்பவில்லை. நேராகப் போய்க் கைப்பிடிச் சுவரில் இடித்து, பின்பக்கம் சுவரோரமாக வீசி நின்றுவிட்டது. பின்படியில் நின்றிருந்த வேலுத்தாயி மட்டும் நிற்கவில்லை. சுவரைத் தாண்டிப் போய் விழுந்தாள். இரண்டு ஆள் ஆழத்தில்தான் கிடந்தாள், ஆனால் பாறை மேல். அவள் மகள் என் வகுப்பில் படித்தவள். அன்றைக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

வெளியே தெறித்து விழுந்ததில் தோள்பட்டையும் காலும் முறிந்து சித்தப்பா மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜீப்பை லாரியில் கட்டி இழுத்து வந்து வீட்டை ஒட்டி ஏலக்காய் மூட்டை அடுக்கும் எங்கள் கிட்டங்கி வாசலில் விட்டார்கள். பம்பர்தான் நசுங்கியிருந்தது, மற்றபடி ஓடுகிற நிலைமை. இரண்டு நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து சோதிப்பார், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் நான் சாப்பாட்டுக்கு வந்தபோது ஜீப் கல்முட்டுகளின் மேல் நின்றது. பட்டறைக்காரர் பின் டயர்களைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்குச் சணல் நூலை இழுத்துப் பிடித்து, ஒரு குச்சியால் முன் சக்கரங்களின் நடுவே முன்பக்கமும் பின்பக்கமும் அளந்தார். அடியில் படுத்து ராடைத் திருகினார். மறுபடி அளந்தார். சித்தப்பா கேட்டது ஒன்று விடாமல் நடந்தது. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"இதை ஒரு வாரம் முந்திச் செஞ்சிருந்தா..." என்று நிலைப்படியில் நின்ற அம்மா ஆரம்பித்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார், ஓட்டினார், திருப்பினார், நிறுத்தினார். வண்டியில் கோளாறு ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வண்டியை எங்களிடமே விட்டார்கள். அடுத்த வாரம் அப்பா என்னை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து முந்தல் தாண்டி இரண்டு வளைவு போய் வந்தார். வெண்ணெய் மாதிரி திரும்பியது.

அதற்கடுத்த நாள் மதுரைக்குப் போனோம். சித்தப்பா மாவுக்கட்டோடு மல்லாந்து கிடந்தார். அப்பாவைப் பார்த்ததும் முகம் கோணியது.

"ஒடிச்சேண்ணே. சாமி சத்தியமா ஒடிச்சேன். திரும்பல."

"வண்டில கோளாறு இல்லேன்னு எழுதியிருக்காருடா." அப்பா சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

சித்தப்பா அழுதார். பெரிய ஆள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரைத் தேற்ற என்னிடம் ஒரு நல்ல சேதி இருந்தது.

"இப்ப நல்லாத் திரும்புது சித்தப்பா! நல்ல டயரை முன்னாடி மாத்தியாச்சு. நூலும் பிடிச்சாச்சு."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "எப்ப ஆத்தா மாத்துனாக?"

"பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு மொத நாளு."

அப்பாவின் கை நின்றது. சித்தப்பா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமி, அடங்கி, மறுபடி இருமினார்கள். யாரிடமும் கெஞ்சி அறியாத அப்பா மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பொம்பளப் பிள்ளைகடா எனக்கு."

சித்தப்பா அப்பாவின் பக்கம் தலையைத் திருப்பினார். "அந்த டயரை முன்னாடியே விட்ருங்கண்ணே. இனி எப்பவும் நல்லதை முன்னாடியே போடுங்க."

அப்பா தலையாட்டினார். எனக்கு ஒரு சுளை கொடுத்தார்.

கோர்ட்டில் சித்தப்பா தன் கவனக்குறைவுதான் என்று ஒப்புக்கொண்டார். ஒரு வருஷம் உள்ளே இருந்தார். வெளியே வந்தபின் எந்த வண்டியையும் தொடவில்லை, எங்கள் வீட்டில் கை நனைக்கவும் இல்லை. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முன் டயர் லேசாகத் தேய்ந்தாலும் மாற்றினார், மழைக்கு முன்னால் பட்டறைக்கு அனுப்பி நூல் பிடித்தார். சித்தப்பா பேச்சை அப்பா கேட்க ஆரம்பித்துவிட்டாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு.

சித்தப்பா சிறைக்குப் போன சில நாளில், காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, ஜீப்பில் ஏறக் காத்திருந்த பெண்களுக்கு நடுவே வேலுத்தாயியின் மகளைப் பார்த்தேன். அம்மாவின் இடத்தில் காய் எடுக்க வந்திருந்தாள். இடுப்பில் அம்மாவின் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். அவளைப் பார்த்தால் பயந்த மாதிரி இருந்தது. ஓடிப்போய், "பயப்படாத, இப்ப எங்க ஜீப்பு நல்லாத் திரும்பும்" என்றேன்.

"அப்ப முந்தித் திரும்பாதா?"

திரும்பவே திரும்பாது, சித்தப்பா எத்தனையோ தடவை சொல்லியும் அப்பா கேட்கவில்லை, இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள்தான் டயரை மாற்றினார் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். புது டிரைவர் ஹாரன் அடித்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஒரு பிள்ளைக்குத் தைரியம் சொல்லி அனுப்பிய திருப்தியோடு நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.