கூண்டுக் கவுதாரியும் என் பழைய வாக்கியமும்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஐரோப்பாவின் பரோக் கால, அதாவது பதினேழாம் நூற்றாண்டையொட்டிய, வேட்டை அச்சோவியங்களைப் பற்றி நான் எழுதிய பாடக்குறிப்புகளை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உடன் வேலை பார்த்த ஒருவர் இரண்டு நாளில் தருவதாக வாங்கிப் போனார். தரவில்லை. அதே பொருளில் அவர் தொகுத்த கண்காட்சி மாமல்லபுரம் அருகே நடப்பதாக அறிந்து, போன சனிக்கிழமை கிளம்பினேன். என் எழுத்து அங்கே இருக்கிறதா என்று தெரிய வேண்டும்.

செங்கல்பட்டில் காலை 8.40க்குப் பேருந்து. திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், 9.50க்கு மாமல்லபுரம். அங்கிருந்து கோவளம் சாலையில் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். ஓட்டுநர் செய்யூர்க்காரர். வெயிலில் காத்திருக்க வேண்டாம், உள்ளே ஏசி, அனுமதி இலவசம் என்று அவரையும் அழைத்துப் போனேன்.

நாற்பது படங்கள், செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டவை. நாய்கள் காதைக் கவ்விய காட்டுப்பன்றி, தப்பிக்க ஆற்றில் இறங்கிய மான். கொன்றது போதாதென்று காகிதத்திலும் வைத்து ரசித்திருக்கிறார்கள். விளக்க அட்டைகள் எவரும் எழுதக்கூடியவை. பதினேழாவது படத்தில்தான் நின்றேன். புதரருகே வலை, பின்னால் பதுங்கிய ஆள், நடுவில் சிறு கூண்டில் ஒரு கவுதாரி. அட்டையில்: "வேட்டைக்கு வந்த இடத்திலும் செல்லப் பறவையைப் பிரிய மனமில்லாதவன்." என் வாக்கியம். ஒரு சொல்கூட மாறவில்லை.

அட்டையைப் படித்த ஓட்டுநர் சிரித்தார்.

"இன்னா சார் எழுதிக்கீறான்? செல்லமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது கூவுறதுக்கு வெச்ச கவுதாரி. இது குரல் குடுத்தா, காட்டுல கீறது 'எவன்டா என் எடத்துல'ன்னு சண்டைக்கு வரும். வலைல மாட்டிக்கும். எங்க மாமா இப்டித்தான் புடிப்பாரு. கேஸ் போட்டாங்க, வுட்டுட்டாரு."

"அப்படியா?"

"எழுதுன ஆளு கவுதாரிய தட்டுல மட்டும்தான் பாத்துருப்பான் சார்."

நான் தட்டிலும் பார்த்ததில்லை.

மறுபடி படத்தைப் பார்த்தேன். பதுங்கியவன் கை வலைக் கயிற்றில் இருந்தது. அவன் பார்வை கூண்டின்மேல் இல்லை, புதரின்மேல். இத்தனை ஆண்டுகள் இதைக் கற்பித்தவனுக்கு அது கண்ணில் படவில்லை.

சரியான வாக்கியம் என்றால் யாருக்கும் தோன்றியிருக்கும் என்று குறிப்புகளை வாங்கிப் போனவர் தப்பித்துக்கொள்வார். இந்தத் தவறு என்னுடையது மட்டுமே. திருட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அதைச் சொன்னால், "அவர் எழுதியதை நம்பினேன், என் தப்பு" என்பார் அவர். என் மாணவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்குத் திறப்பு, திங்கள் விடுமுறை. திரும்ப ஆட்டோ கிடைக்காது, வந்ததையே நிறுத்திவையுங்கள். அட்டைகளைப் படிக்காமல் படங்களைப் பாருங்கள்.

குறிப்புகளின் நகல் என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டினால் அவர் பெயர் கெடும், என் பெயரும் கூடவே கெடும். அவரை நான் மன்னிக்கவில்லை. இருந்தாலும் கீழே எழுதிய என் பெயரை அழித்துவிட்டுத்தான் இதைப் பதிவிடுகிறேன்.