டகோட்டாவின் இடது இறக்கை

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கொத்தமல்லிக் கட்டு ஒன்று வாங்கினேன். கையிலிருந்து நழுவியது. எடுத்தேன், மறுபடியும் நழுவியது. அடுத்த முறை குனிந்தபோது விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

“அக்கா, உங்க வாய் ஒரு பக்கமா இழுக்குது. உக்காருங்க லா!” என்று காய்கறிக்காரர் கத்தியது நினைவிருக்கிறது.

பக்கவாதம் (மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபட்டு, உடலின் ஒரு பகுதி செயலிழப்பது) என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் பேச்சு தப்பியது. காலும் மெல்லத் தேறியது. வலது கை மட்டும், யாரோ என் மடியில் வைத்துவிட்டுப் போன பொருளைப்போலக் கிடந்தது.

“கை பழையபடி வருமா டாக்டர்?” என்று என் கணவர் செல்வம் கேட்டார்.

“ஃபுல்லா வரும்னு இப்ப சொல்ல முடியாது சார். ஆனா தினமும் யூஸ் பண்ணணும். சும்மா விட்டா கஷ்டம்.”

பயிற்சிக்குத் துணிக் கிளிப்புகளும் களிமண்ணும் கொடுத்தனுப்பினார்கள். நான் பாலர் பள்ளி ஆசிரியை. என் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் அதே பொருள்கள். உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அழுதேன்.

செல்வம் அலமாரி மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். போர்க்காலத்தில் வீரர்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்ற டகோட்டா விமானத்தின் சிறிய மாதிரி. பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திச் செய்வது. விமானம் என்றால் அவருக்கு உயிர். ஓய்வுபெற்ற பிறகு செய்யலாம் என்று பிரிக்காமலே வைத்திருந்தார்.

“அது உங்களோடதாச்சே.”

“பெட்டிக்குள்ளயே இருந்தா பறக்கவா போகுது? வா கலா.”

அடித்தட்டை அவர் பிடித்துக்கொள்வார். நான் கட்டையைக் கட்டைவிரலால் அழுத்துவேன். ‘டிக்’ என்று பொருந்தும் சத்தம் கேட்க முதலில் ஒரு மாலைப்பொழுதே ஆனது. வால் பகுதி முடிந்தபோது நான் தேறிவிட்டதாகவே நம்பினேன்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்தேன். நான் பொருத்திய கட்டைகளை அவர் ஒவ்வொன்றாக அழுத்திச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“தினமும் இப்படித்தான் செய்றீங்களா?”

அவர் தலை குனிந்தார். “லூசா இருந்துச்சு. கழண்டா நீ மனசு ஒடிஞ்சிடுவேன்னு பயந்தேன்.”

“விழட்டுங்க. நானே மறுபடி வைக்கிறேன்.”

அழுகையும் கோபமுமாகச் சொன்னேன். அவரும் அழுதார். மருத்துவமனையில்கூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் இடது இறக்கை கழன்று விழுந்து தரையெல்லாம் சிதறியது. செல்வம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உங்கள் வீட்டில் ஒருவர் என் நிலையில் இருந்தால், அப்படி நிற்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். நான் தரையில் உட்கார்ந்து பொறுக்கினேன். அந்த இறக்கையை முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. இம்முறை அது நின்றது.

இப்போது டகோட்டா வரவேற்பறையில் இருக்கிறது. நான் பாதி நேர வேலைக்குத் திரும்பிவிட்டேன். சுண்டுவிரல் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. முன்பெல்லாம் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் நுழைவேன். இப்போது அடுத்தது வரட்டும் என்று நிற்கிறேன். அவரும் நின்று என் வலது கையைப் பற்றிக்கொள்கிறார். அந்தச் சூடு எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிகிறது. ஆனால் தெரிகிறது.