நீர்த்த சுண்ணாம்பு

அந்த வீடு இருக்கிற சந்துக்குள் நான் இப்போதெல்லாம் வண்டியை விடுவதில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு அதுதான் குறுக்கு வழி, ஆனாலும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். வீடு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறதாம். வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்கள் அந்தச் சுவர் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்களாம். எடுக்கட்டும்.

என் அக்கா வீட்டுக்காரரும் நானும் சேர்ந்துதான் பூச்சு வேலை செய்தோம். அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மச்சான். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் அடுத்தடுத்த தெருவில் எங்கள் வீடுகள். உப்புக் காற்றுக்குச் சிமெண்ட் பூச்சு பழைய செங்கல்லில் நிற்காமல் பொருக்கு பொருக்காக உதிர்கிறது என்று பழைய வீடு வைத்திருக்கிறவர்கள் சுண்ணாம்புக்குத் திரும்பிய நேரம். கையால் பூசினால் இழுத்துக்கொண்டே போகும் என்று மாமா ஒரு மெஷின் வாங்கிப்போட்டார். தொட்டியில் கலவையைக் கொட்டினால், பம்ப் அதை நீளமான ஓஸ் வழியாகத் தள்ளும். முனையில் காற்று சேர்ந்து, கலவை சுவரில் போய்ப் பொதபொதவென்று அப்பும். மெஷினைப் பார்த்துக்கொள்வது நான். ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு அடிப்பது மாமா. மூஞ்சி முழுக்க வெள்ளைப் புள்ளியோடு அவர் வீட்டுக்குப் போனால், அக்கா வாசலிலேயே நிறுத்தி, புள்ளி வைத்தாயிற்று, கோடு இழுக்க வேண்டியதுதான் பாக்கி என்பாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சிதம்பரத்தில் அந்த வீட்டு வேலை கத்திரி வெயிலில் நடந்தது. கலவை ஓஸுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வெயிலில் கிடந்த ஓஸுக்குள் கலவை இறுகி, ஓர் இடத்தில் அடைத்துக்கொண்டது. இப்படி அடைத்தால் மெஷினைப் பின்பக்கமாக ஓட்டி, உள்ளே நிற்கிற அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஓஸைக் கழற்றவேண்டும். கரண்ட் இல்லாமல் எதை ஓட்டுவது? கொஞ்சம் பொறுங்கள் மாமா என்றேன். பொறுத்தால் ஓஸ் முழுக்கக் கல்லாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே, அவர் கட்டையால் தட்டித் தட்டி அடைப்பைத் தேடினார். இரண்டு ஓஸ் சேர்கிற ஒரு மூட்டுக்குப் பக்கத்தில் அது கெட்டியாக இருந்தது. அடிக்கும்போது போட்டுக்கொள்கிற கண்ணாடியில் கலவைச் சாரல் படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். அப்படியே குனிந்து மூட்டின் பிடியைத் தட்டிவிட்டார்.

உள்ளே இருந்ததெல்லாம் அவர் முகத்தில் அடித்தது.

நான் தண்ணீர் டிரம்முக்கு ஓடி, ஒரு வாளி மொண்டுகொண்டு வந்தேன். மாமா தரையில் உட்கார்ந்து இரண்டு கண்ணையும் கையால் பொத்திக்கொண்டிருந்தார். வாளிச் சத்தம் கேட்டதும் ஒரு கையால் அதைத் தள்ளினார். தண்ணீர் என் காலில் கொட்டியது.

"தண்ணி ஊத்தாதடா. வெந்துடும்."

சுண்ணாம்பு வேலை செய்யாத ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் விட்டால் அது எப்படிக் கொதிக்கும் என்று நாங்கள் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். தொட்டியே தளபுளவென்று குமுறும், பக்கத்தில் நிற்க முடியாது. அதில் தவறி விழுந்த ஓணானை மாமாவே எனக்குக் காட்டியிருக்கிறார். அந்தப் பயம் உடம்பில் ஊறிப்போனது. ஆனால் அவர் கண்ணில் இருந்தது சுட்ட சுண்ணாம்பு இல்லை. எப்போதோ நீர்த்து, வாரக்கணக்கில் ஊறி, ஆறிப்போன சுண்ணாம்பு. அதே கலவைக்குள் தினமும் தண்ணீர் விட்டுக் கலக்கியவன் நான். அது கொதிக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. எதிர்வீட்டு அம்மா பாவம், தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்தார். எண்ணெய்க்கு மட்டும் மாமா கண்ணைத் திறந்து காட்டினார்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் எரிச்சல் குறைந்திருப்பதாகவே சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே படுக்கவைத்த உடனே நர்ஸ் செய்த முதல் காரியம், கண்ணில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் விட்டதுதான். கொதிக்கவில்லை. சும்மா வழிந்து தலையணையை நனைத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னை எதால் அடித்தாலும் தகும் என்று தோன்றியது. விழுந்த இடத்திலேயே இதைச் செய்திருந்தால் வேறு மாதிரி என்று டாக்டர் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். இடது கண் போய்விட்டது என்று அங்கே முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வலது கண் மெல்லத் தெளியலாம், தெளியாமலும் போகலாம், மருந்து விட்டுப் பார்ப்போம் என்றார்கள். அந்த 'தெளியலாம்' என்கிற வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டாள். வேளை தவறாமல் மருந்து விட்டாள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் யாரோ சொன்னார்கள் என்று பத்தியச் சாப்பாடு போட்டாள். காலையில் நான் போகும்போதெல்லாம் இன்றைக்கு எப்படி என்று அவரைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். நேத்துக்கு இன்னிக்கு தேவலாம் என்பார் மாமா. கேலண்டர் தெரிகிறது என்பார், ஜன்னல் கம்பி தெரிகிறது என்பார். அவள் முகம் மலரும். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

இன்னும் கொஞ்ச நாளில் ஓஸைக் கையில் எடுத்துவிடுவேன், அதற்கு முன்னால் ஒரு தடவை வேலையைப் பார்க்கிறேன் என்று அவர் கிளம்பியபோது அக்காதான் சந்தோஷமாகச் சட்டை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டில் அடித்துக்கொண்டிருந்தோம். மெஷினுக்கு வேறு ஆள் போட்டுவிட்டு நான் ஓஸைப் பிடித்திருந்தேன். எனக்கு அந்தக் கை வரவில்லை. ஓர் இடத்தில் அதிகமாகக் கொட்டிவிட்டு, அதைச் சரிக்கட்ட இன்னோர் இடத்தில் கொட்டி, சுவர் நடுவில் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பழைய மாமா என்றால் தெருவில் வரும்போதே கத்தியிருப்பார். மொத்தத்தையும் வழித்துப் போடச் சொல்லியிருப்பார், அன்றைக்குச் சாப்பாடும் இறங்கியிருக்காது எனக்கு.

மாமா மெதுவாக வந்து சுவருக்கு எதிரில், கையெட்டும் தூரத்தில் நின்றார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். வெயில் நேராகச் சுவர் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. நான் திட்டுக்குக் காத்திருந்தேன். சாமி சத்தியமாக, ஒரு தடவை வாயாரத் திட்டிவிடுங்கள் மாமா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நல்லா வந்துருக்கு மச்சான். சுவர் ஒரே மட்டமா இருக்கு."

"ஆமா மாமா," என்றேன்.