எழுதிக் கேளுங்கள் சேர்

எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காக்கிச் சட்டையைக் கண்டால் கேட்டதைக் கொடுப்போம். கேட்காததையும் அள்ளிக் கொடுப்போம்.

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, வெலிமடைப் பக்கத்து எங்கள் சின்னப் பள்ளிவாசலுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். குர்ஆன் மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளின் பெயரும் பெற்றோர் பெயரும் கேட்டார். நாங்கள் நல்லவர்கள் என்று காட்டும் அவசரத்தில் போன் நம்பர், தொழில், யார் வெளிநாடு போய்வந்தது எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். பள்ளிவாசலின் செயலாளர் நான்தான். தங்கை கணவரின் பெயருக்கு நேரே ‘சவூதியில் ஐந்து வருஷம்’ என்று குண்டு குண்டாக எழுதியதும் நான்தான்.

மச்சான் அங்கே ஓட்டியது பால் லொறி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து எட்டு மாதம் அடைத்துவைத்தார்கள். பிறகு ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் விட்டார்கள். வந்த அன்றே மகளை மத்ரஸாவிலிருந்து நிறுத்திவிட்டார். “பேரு குடுக்கிற எடத்துக்கு என்ட புள்ள வராது மச்சான்” என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்.

அவருக்காகக் கோர்ட்டுக்கு அலைந்த பதுளை லோயரம்மா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அவர் ஒருநாள் என்னிடம், “அந்த லிஸ்ட்ட யாருங்க எழுத்துல கேட்டாங்க?” என்றார். எழுத்தில் யாருமே கேட்கவில்லை. அந்தக் கேள்வி நாலு வருஷம் என்னைத் தூங்கவிடவில்லை.

அண்மையில் வேறொரு போலீஸ்காரர் அதே பட்டியலைக் கேட்டு வந்தார். தலைவர் ஹாஜியார் பதறிப்போய், “தேத்தண்ணி கொண்டாங்க, லிஸ்ட்டயும் எடுங்க” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தவர் முன்னால் ஒரு வெள்ளைத்தாளையும் பேனையையும் வைத்தேன். எந்தச் சட்டத்தில் கேட்கிறீர்கள், என்ன காரணம், உங்கள் பெயர், கையெழுத்து எல்லாம் எழுதித் தாருங்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

“மறைக்க ஏதாவது இருக்கா?” என்றார் அவரும் சிங்களத்தில்.

“ஒண்டும் இல்ல சேர். நீங்க எழுதித் தந்தா நாங்களும் எழுத்துலயே பதில் தாறம்.”

பேனையை எடுத்தார். யோசித்தார். வைத்துவிட்டார். தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். கடிதமும் வரவில்லை, ஜீப்பும் வரவில்லை. அதற்குள் கடைத்தெருவில் ஹாஜியார், தாமே தாளை நீட்டியதுபோலக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மச்சான் பள்ளிவாசல் படியில் நின்றார். பக்கத்தில் மகள், முக்காடு போட்டு, குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பழைய கதை ஒன்றையும் அவர் எடுக்கவில்லை.

“புள்ளக்கி நாலு வருஷப் பாடம் விட்டுப் போச்சு மச்சான்” என்றார். “கொஞ்சம் கூட நேரம் வச்சு ஓதிக் குடுக்கச் சொல்லுங்க.”