கண் முன்னே அரைத்த பிரௌசர்

காப்பித்தூள் வாங்கப் போனால் மிஷினை விட்டு நான் கண்ணை எடுக்க மாட்டேன். மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் கொட்டையை எதிரிலேயே அரைத்துத் தருவார்கள். "முந்தி என்ன அரைச்சீங்க? சிக்கரி போட்டதா, போடாததா?" என்று கேட்பேன். மிஷின் வாயைத் துடைக்கச் சொல்வேன். முதல் பிடித் தூளை ஒதுக்கச் சொல்வேன். அப்புறம்தான் எங்கள் கொட்டை உள்ளே போகும். நான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கம் ராகி அரைத்தாலும் மிளகாய் அரைத்தாலும், முந்தின ஆளின் மாவு நம் மாவில் கலந்துவிடும் என்று மிஷினுக்கு முன்னால் நிற்பதுதான் பழக்கம். நிற்காதவளுக்கு ஊரில் ஏமாளி என்று பேர்.

என் வீட்டுக்காரர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருக்கு இது பெரிய கேலி. "உன் தலையைப் பாத்தாலே கடைக்காரன் சிக்கரி டப்பாவை ஒளிச்சு வெக்கிறான் கணே," என்பார். கன்னடத்துக் 'கணே' நம் 'டீ' மாதிரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் காப்பித்தூள் வாங்கும் வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். பையை ஆட்டிக்கொண்டு போவார், நாலு பேரிடம் பேசிவிட்டு வருவார். அது அவருக்கு ஒரு ஊர்வலம்.

எனக்கு ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு வைத்தது நான்தான். காசு கொடுத்து வாங்கும் எதற்குள்ளே என்ன இருக்கிறதென்று யார் கண்டார்கள்? பிரௌசர், மெயில், முகவரிப் புத்தகம் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் இருக்கும் பழைய மாதிரித் தொகுப்பு ஒன்று அதில் இருந்தது. என் வீட்டுக்காரர் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். காலையில் காப்பியோடு உட்கார்ந்து, வெளிநாட்டில் இருக்கும் மகள் வாராவாரம் தமிழில் எழுதும் மெயிலைத் திறப்பார். அவள் அதை அப்பாவுக்கு மட்டும்தான் எழுதுவாள். எனக்குப் போன். அவ்வளவு நீளமாக என்னதான் எழுதுகிறாள், என்னைப் பற்றித்தான் ஏதாவது இருக்கும் என்று எனக்கு உள்ளூர ஒரு நமைச்சல். கேட்டால், "குளிராம், நல்லா இருக்காளாம்," என்பதோடு முடித்துவிடுவார்.

பொங்கல் கழிந்து நான் லினக்ஸைப் புதுப்பித்தேன். புதுப்பித்ததும் அந்தத் தொகுப்பு காணாமல் போய்விட்டது. இனி அதைத் தரமாட்டோம் என்று லினக்ஸ்காரர்கள் கைவிட்டிருந்தார்கள். வேறொரு மெயில் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு தரம் உட்கார்ந்து பார்த்தவர், மவுஸை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தார்.

"இதுல ஒண்ணும் புரியல. பழசு இருந்தா படிச்சிருப்பேன்."

அதோடு சரி. காலையில் காப்பித் தம்ளரோடு ஜன்னல் ஓரம் போய் உட்கார ஆரம்பித்தார். மகளின் மெயில் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது, படிக்க ஆளில்லை. "நான் படிச்சுக் காட்டட்டுங்களா?" என்று கேட்டதற்கு, "அது எனக்கு எழுதினது," என்றார். மனுஷர் இப்படியே ஒடுங்கிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய தொகுப்பை மீட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர் அந்தத் தொகுப்பு இருந்த ஒரு பென் டிரைவை நீட்டினார். "ரெடியா இருக்கு அக்கா, போட்டா ஓடும். சும்னே எதுக்குக் கஷ்டப்படறீங்க?" அவ்வளவு இனிப்பாகச் சொன்னதாலேயே எனக்கு அது வேண்டாமாகிவிட்டது. யாரோ கட்டியது, எதைக் கலந்து கட்டினானோ. மகளின் கடிதமெல்லாம் அதன் வழியாகப் போய் வர வேண்டும். மூல நிரலை, அதாவது மனிதர்கள் எழுதிய அந்த வரிகளை, அதை எழுதுகிறவர்களின் தளத்திலிருந்தே இறக்கி, வீட்டிலேயே கம்பைல் செய்து, ஓடுகிற நிரலாக நானே கட்டிக்கொள்வேன் என்றேன். இறக்கிய கோப்பு நடுவழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் நீள எண்ணை எழுத்தெழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

"இவ்வளவையும் படிச்சுப் பாத்தியா?" என்று ஜன்னல் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"படிக்க ஆகுமுங்களா, கடல் மாதிரி கிடக்குது."

"அப்பறம் என்ன நம்பிக்கை?"

"என் கண்ணு முன்னால அரைச்சா எனக்கு நம்பிக்கைங்க."

சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கம்பைல் செய்வது என்றால் பட்டனைத் தட்டினோம் முடிந்தது என்றில்லை. முதலில் அந்த நிரல் நூலகம் இல்லை, இந்தக் கருவி பழசு என்று திட்டிக்கொண்டே இருந்தது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சமாதானம் செய்து ஓட விட்டால், கடைசிக் கட்டத்தில் படுத்துக்கொண்டது. கட்டிய துண்டுகளை எல்லாம் ஒன்றாகக் கோக்கிற லிங்க் என்ற இடத்தில், 'கில்டு' என்று ஒரே சொல். நினைவகம் போதவில்லை என்று லினக்ஸே கழுத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கி அதையும் நினைவகமாகப் பயன்படுத்தச் சொன்னேன். ஒரே நேரத்தில் பல வேலை பார்க்காதே, ஒவ்வொன்றாகப் பார் என்றேன். இப்போது முடியும், ஆனால் மெதுவாக. விடிந்ததும் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும்.

ஆரம்பித்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தால் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது.

"மத்தியானம் கரண்ட் போச்சு கணே," என்றார்.

சரி, போகிறது சகஜம்தான். பாதியில் நின்றதை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் அதற்கு என் மனசு ஒப்பவில்லை. முந்தின அரைப்பின் மிச்சம் புதியதில் கலந்தால் என்ன ஆகும்? கட்டியது அத்தனையையும் அழித்துத் துடைத்துவிட்டு மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி சாயங்காலம் வந்தேன், மறுபடி கம்ப்யூட்டர் அணைந்திருந்தது, மறுபடி "கரண்ட் போச்சு." யு.பி.எஸ். இருந்தும் எப்படி நின்றது? பேட்டரி விற்றவன் பழசைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். அவன் வந்து சோதித்து, பேட்டரி நன்றாக இருக்கிறது என்றான். அவன் அப்படித்தான் சொல்வான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மேல் வீட்டில் குடியிருக்கும் பெண் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். சேலத்துப் பக்கம். அவளிடம் போய்க் கேட்டேன்.

"கரண்ட்டா? போகவே இல்லியே ஆண்ட்டி. பகல் பூரா மீட்டிங்லதான இருந்தேன்."

அவளுக்குப் போகவில்லை, எங்களுக்கு மட்டும் போகிறது! அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் எங்கள் லைனில் மாட்டி இழுக்கிறாள், அதனால்தான் எங்கள் பக்கம் விழுகிறது. இரண்டு நாள் படியேறி இறங்கி ஒயரைத் தடவிப் பார்த்தேன். அந்தப் பெண் பாவம், ஏதோ கெட்டுப்போனதைத் தேடுகிறேன் என்று நினைத்து டார்ச் எடுத்து வந்து வெளிச்சம் காட்டினாள். வெளிச்சம் காட்டினதும் எனக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது.

குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்ததாம். ஒவ்வொரு தரமும் நின்றது, ஒவ்வொரு தரமும் நான் துடைத்தேன், அடியிலிருந்து ஆரம்பித்தேன். துடைக்காமல் விட்டிருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும் என்று லேபில் கூட இருப்பவள் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு நாள் லீவு போட்டேன். மிஷின் முன்னால் நின்றவளை எவனும் ஏமாற்றியதில்லை. கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கீரையைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வேலைக்குப் போ, நான் பாத்துக்கறேன்," என்றார். "கோயில்ல இன்னைக்கு ஏதோ விசேஷமாம், போய்ட்டு வா," என்றார். "முதுகு வலிக்கப் போகுது, படு," என்றார். எனக்காகத்தான் பரிதவிக்கிறார் என்று எனக்கு மனசு நெகிழ்ந்தது. கரண்ட் போகவில்லை. யு.பி.எஸ். முனகவில்லை. கறுப்புத் திரையில் வரிகள் ஓடி, லிங்க் என்ற கண்டம் தாண்டி, விளக்கு வைக்கிற நேரத்தில் கட்டுமானம் முடிந்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

"ஏனுங்க, வாங்க! உங்க பழசு வந்திருச்சு!"

வந்து உட்கார்ந்தார். நான் மெயில் ஜன்னலைத் திறந்தேன். அதே பொத்தான்கள், அதே இடத்தில். ஆனால் உள்ளே வெறுமை. புதிதாகக் கட்டியது பழைய கடிதங்களைத் தானாக எடுத்துக்கொள்ளாது, அவை இருக்கும் இடத்தை நாம்தான் காட்டிவிட வேண்டும். அதை நான் இன்னும் செய்யவில்லை. "கொஞ்சம் இருங்க," என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மவுஸைப் பிடித்து, பழைய பழக்கத்தில் நகர்த்தி, ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

"ஆங், வந்திருக்கு. எழுதியிருக்கா. குளிராம், நல்லா இருக்காளாம்."

திரையைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த நேரத்திலும் என் புத்தி போகுமா?

"வேற என்ன எழுதியிருக்கா?"

"உன்னைக் கேட்டதாச் சொல்லச் சொல்லியிருக்கா."

"ஏனுங்க," என்றேன், "அதுல ஒண்ணுமே இல்லீங்க. ஒரு எழுத்துக்கூட இல்ல."

மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பலேர்ந்துங்க?"

"தீபாவளிக்கு முன்னாடியே. கண்ணு நடுவுல அழுக்குப் பட்ட மாதிரி ஒரு மறைப்பு. ஓரத்துல தெரியறதால நடந்துக்கறேன். எழுத்து மட்டும் வரல. சக்கரை வேலைன்னார் டாக்டர். ஊசி போட்டா இதோட நிக்குமாம், போனது வராதாம்."

"அப்ப தீபாவளிலேர்ந்து படிச்சுச் சொன்னதெல்லாம்?"

"அவ போன்ல உன்கிட்டப் பேசறது என் காதுல விழாதா?"

"கரண்ட்டு?"

"நான்தான் ஆஃப் பண்ணேன். யு.பி.எஸ். சுவிட்சைத் தடவறதுக்குக் கண்ணு எதுக்கு?"

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! கத்தினேன். பேட்டரிக்காரனோடு சண்டை போட்டேனே, மேல் வீட்டுப் பெண்ணைத் திருடியாக்கினேனே, ஊசி போட வேண்டிய நாளையெல்லாம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வீணாக்கினீர்களே என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். நான் முடிக்கிறவரைக்கும் அவர் காத்திருந்தார்.

"உனக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் கணே. கடைக்குப் போகாதீங்க, ரோட்டைத் தாண்டாதீங்க, அடுப்புகிட்ட வராதீங்கம்ப. அந்த மிஷின் முன்னாடி நிக்கறியே, அப்படி நாள் பூரா என் முன்னாடி வந்து நிப்ப. புதுசு புரியலைன்னு சொல்லிட்டு நிம்மதியா இருந்தேன். நீ பழசைக் கட்டியே தீருவேன்னு நின்னா நான் என்ன பண்றது?"

எனக்கு அழுகைதான் வந்தது. கோபம் பாதி, பயம் பாதி. நினைவகத்தைச் சந்தேகப்பட்டேன், பேட்டரியை, ஒயரை, பென் டிரைவைச் சந்தேகப்பட்டேன். எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்தவரின் கண்ணை நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊசி போட ஆரம்பித்துவிட்டோம். பழைய கடிதங்களை அந்தத் தொகுப்புக்குள் கொண்டுவந்து சேர்த்தேன். வாராவாரம் நான்தான் படித்துக் காட்டுகிறேன். "எதையாவது விட்டுட்டுப் படிக்கிறியா?" என்று இப்போது அவர் சந்தேகப்படுகிறார். விடவில்லை. அம்மா எல்லாரையும் வேவு பார்க்கிறாள் என்று மகள் எழுதியிருந்ததைக்கூட வாய்விட்டுப் படித்தேன்.

போன வாரம் காலையில் காப்பித்தூள் தீர்ந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். நான் பின்னாலேயே வாசலுக்குப் போய்விட்டேன்.

"செருப்புச் சத்தம் கேக்குது," என்றார், திரும்பாமலே.

கழற்றிவிட்டேன். உள்ளே வந்து தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஸ்கூட்டர் ஒவ்வொன்றும் எனக்குள்ளேதான் ஓடியது. பிரேக் சத்தம் ஒன்று கேட்டபோது எழுந்தே விட்டேன், மறுபடி உட்கார்ந்தேன். ஒரு வழியாக கேட் திறந்தது. தூள் பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது.

"முந்தி என்ன அரைச்சான்னு கேட்டீங்களா?" பழக்கம், வாயிலிருந்து வந்துவிட்டது.

"கேட்டேன். முதல் பிடியை ஒதுக்கச் சொன்னேன். மோந்தும் பாத்தேன். துளி சிக்கரி கிடையாது."

அடுப்படியில் பொட்டலத்தைப் பிரித்தேன். சிக்கரி வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் குடிக்காமல், தம்ளரைக் கையில் வைத்தபடி என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார். நான் ஒரு வாய் குடித்தேன்.

"சுத்தமான தூளுங்க," என்றேன்.

"ஹௌதா? நிஜமாவா?"

"ஆமாங்க," என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் அரைத் தம்ளர் ஊற்றிக்கொண்டேன்.